மறுமுனையில் போனை எடுப்பது யார்?

கணினிக் குற்றங்களில் தடயம் எடுப்பது என் வேலை. திருப்பூர், கரூர் பக்கத்து ஏற்றுமதியாளர்கள்தான் அதிகம் வருவார்கள். சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர் பணம் அனுப்பிவிட்டேன் என்கிறார், இங்கே வந்து சேரவில்லை, புகார் இவ்வளவுதான். மெயிலைத் திறந்து பார்த்தால் விஷயம் சீக்கிரமே பிடிபட்டுவிடும். கம்பெனி முகவரியில் ஆங்கில 'எம்' இருக்கும் இடத்தில் 'ஆர்', 'என்' இரண்டையும் ஒட்டிவைத்து ஒரு போலி முகவரி. எங்கள் கணக்கில் தணிக்கை நடக்கிறது, இந்த முறை மட்டும் புதிய கணக்குக்கு அனுப்புங்கள் என்று அதிலிருந்து பையருக்கு ஒரு கடிதம். இணைப்பில் அதே லெட்டர்ஹெட், அதே சீல், அதே இன்வாய்ஸ் எண். வங்கிக் கணக்கு எண் மட்டும் வேறு.

எப்படி ஏமாற்றினார்கள் என்று சொல்ல அரை நாள் போதும். கஷ்டம் அதற்கு அப்புறம்தான். சரக்கு போனது தூத்துக்குடியிலிருந்து, பணம் கிளம்பியது ஜெர்மனியிலிருந்து, போலி முகவரியைப் பதிவு செய்து கொடுத்த நிறுவனம் அமெரிக்காவில், பணம் விழுந்த கணக்கு ஹாங்காங்கில் என்று இருக்கும். உங்கள் கணக்கிலிருந்து ஒரு ரூபாய்கூடப் போகவில்லையே என்று இங்கே கேட்பார்கள். கடிதம் இந்தியக் கம்பெனியின் பெயரில்தானே வந்தது என்று அங்கே கேட்பார்கள். இரண்டு பக்கமும் கேள்வி கேட்டு முடிப்பதற்குள் பணம் மூன்றாவது கணக்குக்குப் போயிருக்கும்.

இப்படிப் பல நாடுகளில் கால் வைத்துத் திருடுவது தற்செயல் இல்லை. திட்டமே அதுதான். வங்கதேச மத்திய வங்கியில் 2016-ல் நடந்ததைப் பாருங்கள். பிப்ரவரி 4, வியாழக்கிழமை இரவு, அந்த வங்கியின் ஸ்விஃப்ட் அமைப்புக்குள் (வங்கிகள் ஒன்றுக்கொன்று பண உத்தரவு அனுப்பும் வலையமைப்பு) நுழைந்தவர்கள், அதன் டாலர் கணக்கு இருந்த நியூயார்க் ஃபெடரல் ரிசர்வ் வங்கிக்கு 35 உத்தரவுகளை அனுப்பினார்கள். மொத்தம் சுமார் 95 கோடி டாலர். வங்கதேசத்தில் வெள்ளியும் சனியும் விடுமுறை. நியூயார்க்கில் சனி, ஞாயிறு. பணம் போய் இறங்கிய பிலிப்பைன்ஸில் திங்கட்கிழமை சீனப் புத்தாண்டு விடுமுறை. அதாவது, ஒரு ஊரில் ஆள் வேலைக்கு வரும்போது இன்னொரு ஊரில் அலுவலகம் பூட்டியிருக்கும்.

பெரும்பாலான உத்தரவுகளை நியூயார்க் நிறுத்திவிட்டது. இலங்கைக்குப் போன 2 கோடி டாலர், பெறுபவர் பெயரில் இருந்த எழுத்துப்பிழையை நடுவில் இருந்த டாயிஷ் வங்கி கவனித்துக் கேட்டதால் தப்பியது. ஆனால் மணிலாவின் மகாட்டி பகுதியில் ஒரு வங்கிக் கிளைக்கு 8.1 கோடி டாலர் போய்விட்டது. பணத்தை நிறுத்துங்கள் என்று டாக்கா திங்கட்கிழமையே செய்தி அனுப்பியது. அன்று அங்கே படிக்க ஆள் இல்லை. மறுநாள் பார்த்து நடவடிக்கை எடுப்பதற்குள் பெரும்பகுதி கைமாறி, சூதாட்ட விடுதிகளுக்குள் போய்விட்டது. சட்டவிரோதப் பணப் பரிமாற்றத் தடுப்புச் சட்டத்துக்குள் அந்த விடுதிகளைப் பிலிப்பைன்ஸ் கொண்டுவந்தது 2017-ல்தான். திரும்பி வந்தது ஏறக்குறைய 1.5 கோடி டாலர். டாக்காவின் பாதுகாப்பில் ஓட்டை இருந்தது உண்மை. ஆனால் மணிலாவின் சட்டத்தில் இருந்த ஓட்டைக்கும் டாக்காதான் விலை கொடுத்தது.

நம் பக்கத்திலும் நடந்திருக்கிறது. கும்பகோணத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சிட்டி யூனியன் வங்கியிலிருந்து 2018 பிப்ரவரியில் இதே ஸ்விஃப்ட் வழியாகத் துபாய், துருக்கி, சீனாவுக்கு மூன்று பரிமாற்றங்கள் போயின. துபாய்க்குப் போன 5 லட்சம் டாலர் தடுக்கப்பட்டது. துருக்கிக்குப் போன 3 லட்சம் யூரோவை அங்கிருந்த வங்கி முடக்கியது. சீனாவுக்குப் போன 10 லட்சம் டாலரை மட்டும் போலி ஆவணம் காட்டி எடுத்துவிட்டதாக வங்கி சொன்னது.

இதற்கு நேர்மாறான ஒரு சம்பவமும் உண்டு, என்னிடம் வருகிறவர்களிடம் நான் அடிக்கடி சொல்வது. 2024 ஜூலை 19 அன்று சிங்கப்பூர் நிறுவனம் ஒன்று, சப்ளையரின் பெயரில் வந்த போலி மெயிலை நம்பிக் கிழக்கு திமோரில் உள்ள ஒரு கணக்குக்கு 4.23 கோடி டாலர் அனுப்பியது. நான்கு நாள் கழித்து, நிஜ சப்ளையர் பணம் வரவில்லை என்றபோதுதான் தெரிந்தது. சிங்கப்பூர் போலீஸ் இன்டர்போலின் 'ஐ-கிரிப்' என்ற அவசர ஏற்பாட்டின் மூலம் கிழக்கு திமோரைக் கேட்டது. 25-ம் தேதி 3.9 கோடி டாலர் அங்கே முடக்கப்பட்டாகிவிட்டது. ஏழு பேர் கைதானார்கள், மேலும் 20 லட்சம் டாலருக்கு மேல் கிடைத்தது. கிழக்கு திமோர் பணக்கார நாடும் இல்லை, தொழில்நுட்பத்தில் பெயர் வாங்கிய நாடும் இல்லை. கேட்டவருக்கு உடனே பதில் சொல்ல அங்கே ஆள் இருந்தார்.

பணத்தை நிறுத்துவது ஒரு பாதி. குற்றவாளியைப் பிடிக்கச் சாட்சியம் வேண்டும். வேறு நாட்டு சர்வரில் உள்ள பதிவை முறைப்படி கேட்டால், கடிதம் அமைச்சகம் அமைச்சகமாக ஏறி இறங்கி வர மாதங்கள் ஆகும், சில வழக்கில் வருடங்கள்கூட ஆகும். இந்தியாவில் லாக் பதிவுகளை, அதாவது யார் எப்போது உள்ளே வந்தார் என்று கணினி எழுதிவைக்கும் குறிப்புகளை, 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்று 2022-ல் அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் உத்தரவிட்டது. எல்லா நாட்டிலும் இப்படி இல்லை. கடிதம் போய்ச் சேரும்போது பதிவு அழிந்திருக்கும். கணினிக் குற்றங்களுக்காக நாடுகள் 2001-ல் கையெழுத்திட்ட புடாபெஸ்ட் உடன்படிக்கையின் பெரிய பலனே இதில்தான்: பதிவை அழிக்காமல் வை, கடிதம் பின்னால் வருகிறது என்று சொல்ல வழி, எந்நேரமும் பதில் சொல்ல, சேர்ந்த ஒவ்வொரு நாட்டிலும் ஒரு தொடர்பு மையம். இலங்கை 2015-ல் சேர்ந்துவிட்டது. இந்தியா சேரவில்லை, தயாரிப்பில் தனக்குப் பங்கில்லை என்பது அதன் பழைய ஆட்சேபம். ஐ.நா. பொதுச்சபை 2024 டிசம்பரில் இதே விஷயத்துக்காக ஏற்ற புதிய உடன்படிக்கை நடைமுறைக்கு வர 40 நாடுகள் உறுதி செய்ய வேண்டும். பத்திரிகையாளர்களையும் ஆய்வாளர்களையும் மிரட்ட அதைப் பயன்படுத்துவார்கள் என்ற பயம் நியாயமானது, எனக்கும் அது உண்டு. ஆனாலும், பதிவைக் காப்பாற்றி வைக்கும் பகுதிக்காவது தாமதிக்காமல் ஒரு வழி பிறக்க வேண்டும்.

அதுவரை ஏற்றுமதி செய்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் கொடுங்கள், ஆனால் அதோடு நிற்காதீர்கள். பணம் கிளம்பியது பையரின் நாட்டிலிருந்து என்றால், அவருடைய வங்கிதான் ஸ்விஃப்ட்டில் ரீகால், அதாவது பணத்தைத் திருப்பிக் கேட்கும் செய்தி, அனுப்ப முடியும். எனவே முதல் போன் அவருக்குப் போகட்டும். அன்றைக்கே அவர் தன் வங்கியிலும் தன் ஊர் போலீஸிலும் எழுதிக் கொடுக்க வேண்டும். போலி மெயில் பையரின் இன்பாக்ஸில் இருக்கும். அதை ஃபார்வர்ட் செய்யாமல், மெயில் வந்த வழியைக் காட்டும் ஹெட்டரோடு அப்படியே ஃபைலாக இறக்கி அனுப்பச் சொல்லுங்கள். ஃபார்வர்ட் செய்தால் அது எங்கிருந்து கிளம்பியது என்ற விவரம் போய்விடும், எந்த நாட்டைக் கேட்பது என்று எங்களாலும் சொல்ல முடியாது.