சங்கக் கொப்பியில் பெயர் இருந்தால் விண்ணப்பித்ததாக ஆகாது

இலங்கையின் திருகோணமலை மாவட்டத்தில், மூதூர்ப் பக்கத்தில் எழுபது வயதைக் கடந்த ஒரு பெரியவர், அரசின் முதியோர் கொடுப்பனவுக்கான தமது விண்ணப்பம் 'மேலே போயிருக்கிறது' என்று ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் நம்பிக்கொண்டிருந்தார். மேலே எதுவும் போகவில்லை. ஊர் முதியோர் சங்கத்தின் கொப்பியில் அவருடைய பெயரும் அடையாள அட்டை இலக்கமும் எழுதப்பட்டிருந்தன; அவ்வளவுதான். சங்கத்தார் ஏமாற்றவில்லை. எழுதிக் கொடுத்தால் போதும் என்று அவர்களும் நினைத்திருந்தார்கள். இதே கதையைக் கிண்ணியாவிலும் குச்சவெளியிலும் கேட்ட பின்னர்தான், ஊர்ச் சங்கங்களால் எது முடியும், எது முடியாது என்பதை எழுதிவைக்க வேண்டும் என்று தோன்றியது.

சட்டப் பின்னணி சுருக்கமானது. முதியோர் உரிமைகளைப் பாதுகாக்கும் 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தைத் தொடர்ந்து ஊர், பிரதேச, மாவட்ட மட்டங்களில் முதியோர் சங்கங்கள் அமைக்கப்பட்டன. மாற்றுத்திறனாளிகளின் சங்கங்கள், மாதர் கிராம அபிவிருத்திச் சங்கங்கள், மரண உதவிச் சங்கங்கள் ஆகியவையும் பிரதேச செயலகத்தோடு தொடர்புடையவையே. ஆனால் கொடுப்பனவை வழங்குவது இவற்றில் எதுவும் அன்று. அரசின் நலன்புரித் திட்டமான அஸ்வெசுமவின் கீழ் வருமானம் குறைந்த மாற்றுத்திறனாளிகளுக்கும் சிறுநீரக நோயாளருக்குமான மாதாந்தத் தொகை 2025 ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் 10,000 ரூபாயாகவும், முதியோருக்கான தொகை 5,000 ரூபாயாகவும் உயர்த்தப்பட்டது. அதைக் கேட்க வேண்டிய இடம் பிரதேச செயலகம்.

முதல் பொறி வயது. முதியோர் சங்கத்தில் சேரவும் முதியோர் அடையாள அட்டை பெறவும் 60 வயது போதும். கொடுப்பனவுக்கோ 70 வயது நிறைய வேண்டும். அட்டை கைக்கு வந்ததும் பணமும் வரும் என்று எண்ணி, 63 வயதில் செயலகத்துக்கு நடையாய் நடந்தவர்களை அறிவேன். 'உங்களுக்கு இன்னும் வயது வரவில்லை' என்ற ஒரு வரியை முதல் நாளிலேயே சொல்வதற்கு எந்த மேசையிலும் ஆள் இருக்கவில்லை.

இரண்டாவது பொறி கடிதம். 'சங்கத்தின் கடிதம் கொண்டுவாருங்கள்' என்பார் ஒருவர், சங்கத்தார் 'ஜி.எஸ். ஒப்பமிட்டால்தான் தருவோம்' என்பார்கள், ஜி.எஸ். எனப்படும் கிராம சேவையாளர் அன்று கூட்டத்துக்குப் போயிருப்பார். சங்கத்தில் உறுப்பினராக இருப்பது அஸ்வெசும கொடுப்பனவுக்கான தகுதி அன்று. ஆகவே அத்தகைய கடிதம் கேட்கப்பட்டால், எந்தச் சுற்றறிக்கையின்படி கேட்கிறார்கள் என்பதை எழுத்தில் தரும்படி பணிவாகக் கேளுங்கள். பல வேளைகளில் அந்தக் கேள்வியோடு கடிதத்தின் தேவையும் மறைந்துவிடுகிறது. கடிதத்துக்கோ விண்ணப்பப் படிவத்துக்கோ சங்க நிருவாகி ஒருவர் பணம் கேட்டால் கொடுக்க வேண்டாம். ஆண்டுச் சந்தா வேறு; அதற்குப் பற்றுச்சீட்டு உண்டு.

எல்லாவற்றிலும் அதிகம் அலைய வைப்பது மருத்துவச் சான்று. வெருகலில் இருந்து ஒரு பெண், எழுந்து நிற்க முடியாத தம்பியை முச்சக்கர வண்டியில் ஏற்றி, மூதூரும் கிண்ணியாவும் கடந்து திருகோணமலை நகரத்துக்கு வந்து, 'இன்று அந்த வைத்தியர் இல்லை, அடுத்த வாரம் வாருங்கள்' என்ற பதிலோடு திரும்பியதைப் பார்த்தேன். அடுத்த வாரம் சான்று கிடைத்தது. ஆனால் இயலாமை நிரந்தரமானதா என்பது அதில் எழுதப்படாததால், செயலகம் அதை ஏற்கவில்லை. மூன்றாவது பயணம் அந்த ஒரு சொல்லுக்காக. சங்கம் உண்மையிலேயே உதவக்கூடிய இடம் இதுதான். சமூக சேவை உத்தியோகத்தரிடம் முன்கூட்டியே பேசி, சான்றில் எவை எழுதப்பட வேண்டும் என்று ஒரு தாளில் குறித்து வாங்குவதும், வைத்தியர் இருக்கும் நாளை உறுதிசெய்வதும், நான்கைந்து பேரை ஒரே வாகனத்தில் அழைத்துச் செல்வதும் சங்கத்தால் முடியும். இதற்கு நன்கொடையாளரோ திட்ட முன்மொழிவோ வேண்டியதில்லை. சுனாமிக்குப் பின்னர் வந்து போன நிறுவனங்களின் பெயர்ப்பலகைகள் துருப்பிடித்துவிட்டன; வீட்டுக்கு ஐம்பது, நூறு என்று சேர்க்கும் மரண உதவிச் சங்கம்தான் இன்றைக்கும் கதிரைகளோடு முதலில் வந்து நிற்கிறது.

கிளினிக் நாளிலும் அப்படியே. படுக்கையில் இருப்பவரின் கிளினிக் கொப்பியோடு அயலவர் ஒருவர் சென்று வழக்கமான மருந்தை வாங்கிவர முடிகிறது. ஆனால் மாதக்கணக்கில் இப்படியே ஓட்டினால் மருந்தின் அளவு மாற வேண்டியது எவருக்கும் தெரியாமல் போகும். இடையிடையே நோயாளியை வைத்தியர் நேரில் பார்க்க வேண்டும். அவசரமென்றால் சங்கத் தலைவரைத் தேடாமல் 1990 இலக்கத்தை அழையுங்கள். அந்த அம்பியுலன்ஸ் சேவை இலவசம்.

வங்கி அட்டையையும் இரகசிய இலக்கத்தையும் எவ்வளவு நல்லவரானாலும் சங்க நிருவாகியிடம் ஒப்படைக்க வேண்டாம். 'நானே எடுத்துத் தருகிறேன்' என்று உதவியாகத் தொடங்கி, மாதம் ஐந்நூறு ரூபாய் குறைந்து, கேட்கக் கூச்சப்பட்டு மௌனமான வீடுகள் உள்ளன.

சங்கம் நடத்துவோருக்கும் ஒரு சொல். ஐவருக்கு மேற்பட்ட முதியோரைத் தங்கவைத்துப் பராமரிக்கும் இல்லத்துக்கு மேற்சொன்ன சட்டத்தின்படி பதிவு கட்டாயம். ஊர்ச் சங்கமாகப் பதிந்திருப்பது அதற்குப் போதாது.

விண்ணப்பத்தை நேரில் கொடுக்கும்போது பிரதி ஒன்றில் திகதியும் அலுவலக முத்திரையும் இட்டு வாங்குங்கள். 'முத்திரை தேவையில்லை, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்' என்றால் பதிவுத் தபாலில் அனுப்பித் துண்டை வைத்துக்கொள்ளுங்கள். மாதங்கள் கடந்தும் பதில் இல்லையெனில், 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் செயலகத்தின் தகவல் அலுவலருக்கு எழுதி, உங்கள் விண்ணப்பம் எந்த நிலையில், யாருடைய மேசையில் உள்ளது என்று கேளுங்கள். தமிழில் எழுதலாம். கிடைத்ததற்கு அவர் எழுத்தில் ஒப்புகை தர வேண்டும். தகவலைத் தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் தீர்மானிக்க வேண்டும். எழுதத் தெரியாதவருக்குச் சங்கத்தில் படித்த ஒருவர் இந்த அரைப் பக்கக் கடிதத்தை எழுதிக் கொடுக்கலாம். மூதூர்ப் பெரியவருக்கு அப்படித்தான் எழுதினோம். விண்ணப்பம் எதுவும் கிடைக்கவில்லை என்ற பதில் வந்த மறுநாளே, முத்திரையிட்ட பிரதியோடு புதிய விண்ணப்பம் ஒன்றைக் கொடுத்துவிட்டு வந்தார்.