வால்வு நேராக இருக்கிறதா என்று பார்க்கும் கண்ணுக்கு ஒரு வேண்டுகோள்

ஓடுகளப் பந்தயத்துக்கான டிராக் சைக்கிள் ஒன்றைப் படம் எடுத்து இணையத்தில் போட்டால் ரசிகர்கள் எதையெல்லாம் பார்ப்பார்கள் என்பது எனக்கு மனப்பாடம். செயின் இருக்கும் பக்கம் கேமராவைப் பார்க்க வேண்டும். பெடலைத் தாங்கும் கிராங்க் படுக்கைவாட்டில் நிற்க வேண்டும். இரண்டு சக்கரத்திலும் காற்றடிக்கும் வால்வு நேர் கீழே இருக்க வேண்டும், டயரின் பெயர் அதற்கு நேராக வர வேண்டும். சீட்டின் மூக்கு ஒரு துளி நிமிர்ந்திருந்தாலும் யாராவது கண்டுபிடித்துவிடுவார். ஹேண்டில்பாரைப் பிடிக்கும் ஸ்டெம்முக்கு அடியில் ஸ்பேசர் வளையங்களை அடுக்கியிருந்தால் மார்க் குறையும். முன்சக்கரத்தில் பிரேக் இருந்தால் போதும், “அதைக் கழற்றிவிட்டு இன்னொரு படம் போடுங்களேன்” என்று ஒருவர் கட்டாயம் கேட்பார்.

டிராக் சைக்கிளைப் போலவே, சக்கரம் சுற்றும்வரை பெடலும் சேர்ந்து சுற்றும் வண்டிக்கு ஃபிக்ஸி என்று பெயர். சிங்கப்பூரில் அவற்றைப் பழுதுபார்ப்பது என் அன்றாட வேலை. அழகைத் தேடும் அந்தக் கண் எனக்கும் உண்டு, அதை நான் மதிக்கிறேன். ஆனால் அந்தக் கடைசி வேண்டுகோளைப் படிப்பவர்களில் பலர் பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகள். படத்தில் பாராட்டு வாங்கிய வண்டியைத்தான் அவர்கள் அப்படியே கட்டுகிறார்கள், அப்படியே ரோட்டுக்கும் கொண்டுபோகிறார்கள்.

டிராக் சைக்கிளில் பிரேக் இல்லாததற்குக் காரணம் ஓடுகளம். 250 மீட்டர் சுற்று, வளைவில் 42 டிகிரிக்கு மேல் சரிவு, எல்லோரும் ஒரே திசை. அங்கே திடீரென்று ஒருவர் பிரேக் பிடித்தால் பின்னால் வருபவர்கள் மொத்தமாக விழுவார்கள். ஜப்பானில் 1948இல் கொகுராவில் தொடங்கிய கெய்ரின் பந்தயம் இதை ஒரு தொழிலாகவே வளர்த்தது. பந்தயத்தின்மேல் பணம் கட்டுகிறார்கள் என்பதால் ஃபிரேம், ஹப் (சக்கரத்தின் நடுக்குடம்), பெடல் என்று ஒவ்வொரு பாகத்துக்கும் என்ஜேஎஸ் என்ற ஒப்புதல் முத்திரை வேண்டும். 1977 முதல் 1986 வரை தொடர்ந்து பத்து முறை உலக ஸ்பிரிண்ட் பட்டம் வென்ற கோய்ச்சி நகானோவும், அவருக்கு ஃபிரேம் செய்துகொடுத்த நகசவாவும் இன்றுவரை ரசிகர்களுக்குத் தெய்வங்கள். அந்த ஸ்டீல் ஃபிரேமின் மெல்லிய கோடும், சக்கரத்துக்கும் குழாய்க்கும் நடுவே உள்ள சின்ன இடைவெளியும் என்னையும் நிறுத்திப் பார்க்க வைப்பவைதான்.

அதே ஜப்பானில், ரோட்டில் ஓட்டும் சைக்கிளுக்கு முன்னும் பின்னும் பிரேக் இருந்தாக வேண்டும் என்பது சட்டம். சிங்கப்பூரிலும் 2021 செப்டம்பர் 1 முதல், பொதுப் பாதைகளில் ஓட்டும் சைக்கிளுக்குக் கைப்பிரேக் ஒன்றாவது கட்டாயம். லண்டனில் 2016இல், முன்பிரேக் இல்லாத ஃபிக்ஸி மோதி ரோட்டைக் கடந்த ஒரு பெண் இறந்துபோனார். ஓட்டிய இளைஞருக்கு அடுத்த ஆண்டு 18 மாதத் தண்டனை விதித்தார்கள்.

“கால் இருக்கே, ஸ்கிட் அடிச்சு நிறுத்திடுவேன்” என்பார்கள். ஸ்கிட் என்றால் காலால் பெடலை அடக்கி, பின்சக்கரத்தைப் பூட்டி வழுக்கவிடுவது. வண்டி வேகம் குறையும்போது பாரம் முன்னால் சாய்கிறது, பின்சக்கரம் லேசாகிறது. லேசான சக்கரத்தை எவ்வளவு பலமாகப் பூட்டினாலும் அது தேய்ந்துகொண்டே போகுமே தவிர, முன்பிரேக் நிறுத்துகிற தூரத்தில் நிறுத்தாது. கால் பலத்தால் மாற்றக்கூடிய விஷயமே இல்லை இது.

போன வருஷம் ஒரு பையன் வண்டியை உருட்டிக்கொண்டு வந்தான். தங்க நிற ரிம், பளபளக்கும் கிராங்க், படத்துக்கு நிறையப் பாராட்டு வாங்கிய வண்டி. “அங்கிள், பெடலைப் பின்னாடி அழுத்துனா கால் சும்மா போகுது” என்றான். சக்கரத்தைக் கழற்றி, ‘காக்’ என்னும் பின்பல்சக்கரத்தை விரலால் திருப்பினேன். சுற்றிக்கொண்டு கையோடு வந்துவிட்டது. ஹப்பின் மரையில் அலுமினியம் சுருள் சுருளாக உரிந்து கிரீஸில் ஒட்டியிருந்தது.

அது ஃப்ரீவீல், அதாவது பெடல் நின்றாலும் சக்கரத்தைத் தனியாகச் சுற்றவிடும் பல்சக்கரம், போடுவதற்கான ஹப். சரியான டிராக் ஹப்பில் இரண்டு படி மரை இருக்கும். உள்படியில் காக், வலது மரை. வெளிப்படியில் காக் கழலாமல் பூட்டும் லாக்ரிங் என்ற வளையம், இடது மரை. காலால் பின்னுக்கு அழுத்தும்போது காக் கழலப் பார்க்கும். அப்போது அது லாக்ரிங்கைத் தள்ளும், இடது மரை என்பதால் லாக்ரிங் இன்னும் இறுகும். பையனின் ஹப்பில் அந்த இரண்டாம் படியே இல்லை. முன்பிரேக்கும் இல்லை. மிச்சமிருந்த ஒரே பிரேக் அந்தக் காக்தான், அதுவும் பிடியை விட்டுவிட்டது.

அவன் போனில் இருந்த படத்தை வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். காக்குக்கு வெளியே இருக்க வேண்டிய வளையம் இல்லை என்பது அதில் தெளிவாகத் தெரிந்தது. வால்வு கொஞ்சம் தள்ளியிருப்பதைச் சொன்னவர்கள் இருந்தார்கள். இதைக் கேட்டவர் ஒருவர்கூட இல்லை.

அதனால்தான் சொல்கிறேன்: அந்தக் கூர்மையான கண்ணைக் கொஞ்சம் பின்னால் நகர்த்துங்கள். லாக்ரிங் இருக்கிறதா? பின் அச்சு இரண்டு பக்கமும் ஒரே அளவில் நிற்கிறதா? செயின் தொங்குகிறதா? இதெல்லாம் படத்திலேயே தெரியும். செயின் நடுவே விரலால் அமுக்கினால் ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு மேலும் கீழும் போக வேண்டும். பெடலோடு சுற்றும் முன்பல்சக்கரமான செயின்ரிங் எதுவும் முழு வட்டமாக இருப்பதில்லை என்பதால், கிராங்கை மெல்லச் சுற்றி, எங்கே அதிகம் இறுகுகிறதோ அந்த இடத்தில் வைத்து அளக்க வேண்டும்.

பல் கணக்கையும் கேளுங்கள். 48க்கு 16, அதாவது செயின்ரிங்கில் 48 பல், காக்கில் 16 பல் போட்டிருந்தால், பெடல் ஒரு சுற்று சுற்றும்போது சக்கரம் சரியாக மூன்று சுற்று சுற்றும். ஒரே காலை முன்வைத்து ஸ்கிட் அடிப்பவருக்கு ஒவ்வொரு முறையும் டயரின் அதே இடம்தான் தரையில் தேயும். மற்ற இடமெல்லாம் புதிதாக இருக்க, அந்த ஒரு இடத்தில் மட்டும் நூல் தெரியும். 49க்கு 17 என்றால் அந்தத் தேய்மானம் 17 இடங்களுக்குப் பிரிந்துவிடும். கால் உணர்வதில் பெரிய வித்தியாசம் இருக்காது.

இன்னொன்றைக் கொஞ்சம் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. படம் எடுப்பதற்கு முன் வண்டியை ஸ்டாண்டில் ஏற்றி, சக்கரத்தைச் சுழலவிட்டு, துணியால் செயினைத் துடைக்கிறார்கள். சாதாரண சைக்கிளில் ஃப்ரீவீல் இருப்பதால் துணி மாட்டினாலும் செயின் நின்றுவிட வாய்ப்பு உண்டு. ஃபிக்ஸியில் சுழலும் சக்கரத்தின் மொத்த வேகமும் செயினை இழுத்துக்கொண்டே இருக்கும். துணியோடு விரலும் காக்குக்குள் போனால் சக்கரம் நிற்காது. இப்படி விரல் நுனியை இழந்தவர்கள் பல ஊர்களில் உண்டு. சக்கரம் அசையாமல் நிற்கும்போது மட்டும் துடையுங்கள், துடைத்த பிறகு கையை எடுத்துவிட்டு ஒரு சாண் நகர்த்துங்கள், மறுபடி துடையுங்கள். நேரம் ஆகும், ஆகட்டும்.

ஜப்பானிலிருந்து வரும் பழைய கெய்ரின் ஃபிரேம் வாங்குபவர்கள் படத்தை நம்பவே கூடாது. அது பந்தயத்தில் விழுந்து எழுந்த ஃபிரேமாக இருக்கலாம். ஃபோர்க் நுழையும் ஹெட் டியூபுக்குப் பின்னால், கீழ்க்குழாயின் அடிப்பக்கத்தில் விரலை வைத்து மெதுவாக இழுத்துப் பாருங்கள். பெயின்ட் மேல் சின்ன அலை தட்டுப்பட்டால் முன்னால் மோதிய வண்டி அது. கேமரா அந்தப் பக்கம் போவதே இல்லை.

பிரேக் பற்றிக் கடைசியாக வழக்கமாகக் கேட்கும் கேள்வி: “என்ஜேஎஸ் ஃபோர்க்கில் பிரேக்குக்கு ஓட்டையே இல்லையே, போட்டுடலாமா?” போடாதீர்கள். ஃபோர்க்கின் தலைப்பகுதியான கிரௌன் துளையிடுவதற்காகச் செய்ததில்லை. ஓட்டையோடு வரும் 1 அங்குல மரை ஃபோர்க் தனியாகக் கிடைக்கிறது. ஃபிரேமுக்குள் போகும் ஸ்டீரர் குழாயின் நீளமும் ஃபோர்க்கின் வளைவும் பழையதோடு ஒத்துப்போகிறதா என்று அளந்து வாங்கி மாட்டுங்கள், ஒரு கறுப்பு காலிப்பர் பிரேக் போதும். பழைய ஃபோர்க்கைத் துணியில் சுற்றி வீட்டில் வையுங்கள், ஓடுகளத்தில் ஓட்டும் நாள் வந்தால் மாற்றிக்கொள்ளலாம்.