லாக்: பதிகையா, குறிப்பேடா?

தரவுத்தள சர்வர் ஒன்று ஸ்டார்ட் கொடுத்த சில வினாடிகளில் விழுந்துவிடுகிறது. மறுபடி ஸ்டார்ட் கொடுத்தாலும் அதே கதைதான். அப்போது சுற்றியிருப்பவர்கள் சொல்லும் யோசனைகளில் இரண்டு கட்டாயம் இருக்கும். ஒன்று, “முதல்ல லாக்கைப் பாரு.” இன்னொன்று, “டிஸ்க் நிறைஞ்சிருக்கும், பழைய லாக்கை எல்லாம் அழிச்சிடு.” முதல் யோசனையை எப்போதும் கேட்கலாம். இரண்டாவதைக் கண்ணை மூடிக்கொண்டு செய்தால் தரவு மொத்தமும் கைவிட்டுப் போகலாம். இரண்டிலும் இருப்பது ஒரே சொல், ஆனால் அது குறிக்கும் பொருள் வேறு. அந்த வேறுபாடு தெரியாததால் பிழைக்கக்கூடிய சர்வர்கள் வீணாகப் போயிருக்கின்றன.

ஆங்கிலத்தில் ‘லாக்’ என்பதன் பழைய பொருள் மரக்கட்டை. கப்பலின் வேகத்தை அளப்பதற்கு மாலுமிகள் ‘லாக்’ எனப்பட்ட, கால்வட்ட வடிவிலான ஒரு பலகையைக் கயிற்றில் கட்டிக் கடலில் வீசினார்கள். பலகை நிமிர்ந்து மிதப்பதற்காக அதன் வளைந்த விளிம்பில் ஈயம் பதித்திருக்கும். பலகை நீரில் ஏறக்குறைய அதே இடத்தில் நிற்கும், கப்பல் முன்னே போகப் போகக் கயிறு உருளையிலிருந்து அவிழ்ந்துகொண்டே வரும். கயிற்றில் சுமார் 14.4 மீட்டருக்கு ஒரு முடிச்சு. மணற்கடிகையில் மணல் தீர 28 வினாடி. அதற்குள் எத்தனை முடிச்சுகள் கையைக் கடந்தன என்று எண்ணினால் அதுதான் வேகம். கணக்குப் போட்டுப் பார்த்தால் ஒரு முடிச்சு, மணிக்கு ஒரு கடல் மைல், அதாவது 1.852 கிலோமீட்டர் என்று சரியாக வரும். கப்பல் வேகத்தை இன்றும் ‘நாட்’ என்ற அலகில் சொல்வது இந்த முடிச்சை வைத்துத்தான்.

அப்படி அளந்த வேகத்தை நேரத்தோடு குறித்துவைத்த ஏடு ‘லாக் புக்’. போகும் திசை, காற்று, வானிலை, கப்பலில் நடந்தவை என்று ஒவ்வொன்றாக அதில் ஏறின. கட்டை வழக்கொழிந்த பிறகும் ஏட்டின் பெயர் மாறவில்லை. அந்த ஏட்டின் குணம் இன்றைய கணினி லாகிலும் அப்படியே இருக்கிறது: நேரம் போடாமல் வரி கிடையாது, நடந்த வரிசை மாறாது, எழுதியதை அழித்துத் திருத்தாமல் கீழே கீழே சேர்த்துக்கொண்டே போக வேண்டும்.

1960களில் ஒரே கணினியைப் பலர் பங்கிட்டுக்கொள்ளும் அமைப்புகள் வந்தபோது இந்தச் சொல் கணினிக்குள் நுழைந்தது. எம்.ஐ.டி.யில் உருவான சி.டி.எஸ்.எஸ் என்ற அமைப்பில் உள்ளே போக ‘லாகின்’ என்ற கட்டளையைக் கொடுக்க வேண்டும். ஏட்டில் பெயரைப் பதிந்துவிட்டு உள்ளே போவது என்பதுதான் அதன் கருத்து.

கணிதத்தில் வரும் ‘லாக்’ வேறு குடும்பம். 1614-இல் ஜான் நேப்பியர் வெளியிட்ட லாகரிதம், ‘லோகோஸ்’, ‘அரித்மோஸ்’ என்ற கிரேக்கச் சொற்களிலிருந்து வந்தது. தமிழில் அதற்கு ‘மடக்கை’ என்று தனிச்சொல் நிலைபெற்றுவிட்டதால் அங்கே குழப்பமில்லை.

சரி, தரவுத்தளத்துக்கு வருவோம். ஒரு தரவுத்தள சர்வரில் ‘லாக்’ என்ற பெயரில் குறைந்தது இரண்டு பொருள்கள் இருக்கின்றன. ஒன்று, சர்வர் மனிதருக்காக எழுதுவது: எப்போது தொடங்கினேன், எங்கே தடுக்கியது, ஏன் நின்றேன் என்ற செய்திகள். மைஎஸ்கியூஎல் என்ற தரவுத்தள மென்பொருள் இதை ‘எரர் லாக்’ என்கிறது. மற்றது, சர்வர் தனக்காகவே எழுதிக்கொள்வது. தரவில் ஒரு மாற்றம் வந்தால், தரவுக் கோப்பில் அதைச் செய்யும் முன்பே, என்ன மாற்றப்போகிறேன் என்பதை முதலில் ஒரு கோப்பில் எழுதி, அது டிஸ்க்கில் பத்திரமாக இறங்கிய பிறகே “பரிவர்த்தனை முடிந்தது” என்று பதில் சொல்லும். போஸ்ட்கிரஸ் என்ற இன்னொரு தரவுத்தள மென்பொருளில் இதன் பெயர் ‘ரைட் அஹெட் லாக்’, சுருக்கமாக ‘வால்’. மைஎஸ்கியூஎல்லில் தரவைச் சேமித்துவைக்கும் இன்னோடிபி என்ற பகுதியில் ‘ரீடூ லாக்’.

இரண்டாவது வகை எதற்கு? தரவுக் கோப்பின் பக்கங்கள் டிஸ்க்கில் இங்கொன்றும் அங்கொன்றுமாகக் கிடக்கும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் அவற்றைத் தேடிப்போய் எழுதினால் வேகம் போய்விடும். அதனால் சர்வர் மாற்றங்களை நினைவகத்தில் வைத்துக்கொண்டு, சாவகாசமாகத் தரவுக் கோப்புகளுக்குக் கொண்டுபோகும். இடையில் மின்சாரம் போனால் நினைவகத்தில் இருந்ததெல்லாம் போயிற்று, தரவுக் கோப்பு பாதி பழையதும் பாதி புதியதுமாக நிற்கும். அந்த நிலையில் உண்மையைச் சொல்ல மிச்சமிருப்பது முன்கூட்டி எழுதிய இந்த லாக் மட்டும்தான். விழுந்த சர்வர் எழும்போது இதைப் படித்து விட்டுப்போனவற்றைச் செய்துமுடிக்கிறது, முடிவுபெறாத பரிவர்த்தனைகளை நீக்குகிறது. ஐ.பி.எம். ஆய்வாளர் சி. மோகனும் உடன் பணியாற்றியவர்களும் 1992-இல் வெளியிட்ட ‘ஏரீஸ்’ என்ற முறை இதை மூன்று கட்டமாக வகுத்தது: முதலில் ஆராய்தல், அடுத்து மீண்டும் செய்தல், கடைசியாகச் செய்ததை நீக்குதல். பல தரவுத்தளங்களின் மீட்பு முறை இந்த வழியில் வந்ததுதான்.

போஸ்ட்கிரஸ் சர்வர் ஒன்று திடீரென்று நின்று மறுபடி எழும்போது மனிதருக்கான லாகில் வரும் வரிகளைப் பார்த்தால் இரண்டு லாக்கும் சந்திக்கும் இடம் தெரியும். முதல் வரி, தரவுத்தளம் இடையில் அறுபட்டது, கடைசியாக இந்த நேரத்தில் உயிரோடு இருந்தது என்கிறது. அடுத்த வரி, முறையாக நிறுத்தப்படவில்லை, தானியங்கி மீட்பு நடக்கிறது என்கிறது. பிறகு ‘ரீடூ’, அதாவது மீண்டும் செய்தல், இந்த இடத்தில் தொடங்குகிறது என்று ஓர் எண். அப்புறம் புதியவர்களைத் திடுக்கிட வைக்கும் வரி ஒன்று: பதிவின் நீளம் செல்லாது, 24 எதிர்பார்த்தேன், 0 கிடைத்தது. இதைப் பார்த்ததும் கோப்பு கெட்டுவிட்டது என்று பலர் முடிவுகட்டிவிடுகிறார்கள். பெரும்பாலும் அப்படி இல்லை. எழுதப்பட்ட பகுதி அத்தோடு முடிந்தது, அதற்குமேல் வெற்றிடம் என்பதைத்தான் சர்வர் அந்த வார்த்தைகளில் சொல்கிறது. தொடர்ந்து ‘ரீடூ’ முடிந்தது, இணைப்புகளை ஏற்கத் தயார் என்ற வரிகள் வந்துவிட்டால் கவலையில்லை.

வராமல் நின்றுபோனால்தான் நோய் தேட வேண்டும். அதிலும் கடைசி வரியை விட, முதலில் ‘ஃபேட்டல்’ அல்லது ‘பேனிக்’ என்று வந்த வரி முக்கியம். அந்த போர்ட்டை வேறொரு செயலி பிடித்திருக்கிறது, அடைவின் அனுமதிகள் சரியில்லை, அமைப்புக் கோப்பில் எழுத்துப்பிழை, தரவு அடைவு பழைய பதிப்பால் உருவாக்கப்பட்டது, டிஸ்க்கில் இடமில்லை என்று காரணத்தை அதுவே சொல்லிவிடும். சர்வரின் லாக் கோப்பே காலியாக இருந்தால், லாக் கோப்பைத் திறக்கும் முன்பே சர்வர் விழுந்திருக்கிறது என்று பொருள். அப்போது இயங்குதளத்தின் பக்கம் போய்ப் பார்க்க வேண்டும். லினக்ஸில் சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டி வைத்திருக்கும் ‘ஜர்னல்’ அதைக் காட்டும். நினைவகம் போதாமல் இயங்குதளத்தின் மையப்பகுதியான கெர்னலே சர்வரைக் கொன்றிருந்தால் அந்தச் செய்தியும் சர்வரின் லாகில் இருக்காது, கெர்னலின் லாகில்தான் இருக்கும். இன்னொரு நுட்பம்: சேவை தொடங்குவதற்கு சிஸ்டம்டி இயல்பாகத் தரும் நேரம் 90 வினாடி. மீட்பு அதைவிட நீண்டால், நன்றாக வேலை செய்துகொண்டிருக்கும் சர்வரை அது நடுவில் நிறுத்திவிடக்கூடும். வெளியிலிருந்து பார்த்தால் அது கிராஷ் போலத்தான் தெரியும்.

பெயர்க் குழப்பம் எவ்வளவு ஆபத்தானது என்பதற்குப் போஸ்ட்கிரஸின் வரலாறே சாட்சி. முன்பெல்லாம் அதன் தரவு அடைவுக்குள் ‘பிஜி_லாக்’, ‘பிஜி_எக்ஸ்லாக்’, ‘பிஜி_கிளாக்’ என்று மூன்று அடைவுகள் பக்கம் பக்கமாக இருந்தன. முதலாவதில் இருப்பது செய்திகள். பழையதை அழித்தால் நஷ்டமில்லை. இரண்டாவதில் இருப்பது மீட்புக்காக முன்கூட்டி எழுதிய லாக், அதாவது முன்னெழுத்து, 16 மெகாபைட் கோப்புகளாக. மூன்றாவதில் எந்தப் பரிவர்த்தனை உறுதியானது, எது கைவிடப்பட்டது என்ற கணக்கு. டிஸ்க் நிறைந்த பதற்றத்தில் ‘லாக்’ என்ற பெயரைப் பார்த்ததும் பின்னிரண்டையும் அழித்துத் தரவுத்தளத்தை இழந்தவர்கள் இருந்தார்கள். 2017-இல் வந்த 10-ஆம் பதிப்பில் இவற்றின் பெயரையே மாற்றினார்கள். ‘பிஜி_எக்ஸ்லாக்’ என்பது ‘பிஜி_வால்’ ஆயிற்று, ‘பிஜி_கிளாக்’ என்பது ‘பிஜி_எக்ஸாக்ட்’ ஆயிற்று. செய்திகளுக்கான அடைவு மட்டும் ‘லாக்’ என்ற பெயரோடு நின்றது. எத்தனையோ கருவிகளும் ஸ்கிரிப்ட்களும் உடையும் என்று தெரிந்தே செய்த மாற்றம் அது. சரியான முடிவு என்பேன்.

இன்னோடிபியிலும் இதே எச்சரிக்கை வேண்டும். சர்வர் எழ மறுக்கும்போது ‘இன்னோடிபி_ஃபோர்ஸ்_ரெகவரி’ என்ற அமைப்பை 1 முதல் 6 வரை வைக்கலாம் என்று தெரிந்ததும் சிலர் நேராக 6-க்குத் தாவுகிறார்கள். 6 என்றால் ரீடூ லாக்கைப் படிக்காமலே எழு என்று பொருள். 4-லிருந்தே தரவு நிரந்தரமாகக் கெட வாய்ப்புண்டு என்று கையேடு எச்சரிக்கிறது. போஸ்ட்கிரஸில் மீட்பைத் தொடங்க வேண்டிய இடத்தைக் காட்டும் செக்பாயிண்ட் செல்லத்தக்கதாகக் கிடைக்கவில்லை என்று ‘பேனிக்’ வரும்போது ஓட்டப்படும் ‘பிஜி_ரீசெட்வால்’ கருவியும் அப்படித்தான்: முன்னெழுத்தைத் தூக்கி எறிந்துவிட்டு எழுப்புகிறது. இவற்றில் எதைத் தொடுவதற்கும் முன்பு சர்வரை நிறுத்திவிட்டு, தரவு அடைவு முழுவதையும் வேறொரு டிஸ்க்குக்கு நகலெடுத்தே ஆக வேண்டும்.

இனி, தமிழில் என்ன சொல்லலாம்?

‘பதிவு’ என்று எழுதுபவர்கள் அதிகம். ஆனால் தரவுத்தளத்தில் அட்டவணையின் ஒவ்வொரு வரிசையையும் பதிவு என்றுதான் சொல்கிறோம். “பதிவுகளை அழிக்கவும்” என்று ஒரு வழிகாட்டியில் இருந்தால் படிப்பவர் எதை அழிப்பார்? இந்தத் துறையில் அந்தச் சொல்லை லாகுக்குப் பயன்படுத்தக் கூடாது என்பதே என் கருத்து.

‘பதிகை’ நல்ல சொல். வருகை, செய்கை போல ‘பதி’ என்ற வினையோடு ‘கை’ விகுதி சேர்ந்தது. தமிழ் விக்கிப்பீடியாவில் லாகினுக்குப் ‘புகுபதிகை’ என்றும் லாக் அவுட்டுக்கு ‘விடுபதிகை’ என்றும் வழங்குவதால் புழக்கமும் இருக்கிறது. பதிந்துவிட்டுப் புகுவது என்ற பழைய ஏட்டின் கருத்தையும் அது காப்பாற்றுகிறது. நடப்பவற்றை நேர வரிசையில் சொல்லும் லாகுக்கு இதையே வைக்கலாம். தெளிவு வேண்டிய இடத்தில் ‘நிகழ்பதிகை’. அதில் பிழைகள் மட்டும் வந்தால் ‘பிழைப்பதிகை’.

முன்னெழுத்து வகைக்கு வேறு சொல் வேண்டும். அதைப் புதிதாக உருவாக்கவே வேண்டாம், கணக்குப்பதிவியலில் தயாராக இருக்கிறது. நடவடிக்கைகளை நடந்த வரிசையில் முதலில் எழுதும் புத்தகம் ‘குறிப்பேடு’. அங்கிருந்து ஒவ்வொரு கணக்காகப் பிரித்துப் ‘பேரேட்டில்’ ஏற்றுவது ‘எடுத்தெழுதுதல்’. பேரேடு கெட்டுப்போனாலும் குறிப்பேடு இருந்தால் மறுபடி எழுதிவிடலாம். குறிப்பேடு போனால் இன்னும் எடுத்தெழுதாதது எது என்று யாருக்கும் தெரியாது. தரவுத்தளத்தில் நடப்பதும் இதேதான். தரவுக் கோப்புகள் பேரேடு, வால் குறிப்பேடு, செக்பாயிண்ட் என்பது இதுவரை எடுத்தெழுதியாயிற்று என்று கோடு போடும் இடம். எனவே ரைட் அஹெட் லாக் ‘முன்னெழுது குறிப்பேடு’, ரீடூ லாக் ‘மீள்செய் குறிப்பேடு’. குறிப்பேட்டை அழி என்று சொல்லும்போதே கை தயங்கும், அதுவே இந்தச் சொல்லின் பெரிய பலன்.

ஆங்கிலத்தில் குறிப்பேட்டுக்குப் பெயர் ‘ஜர்னல்’. கோப்பு முறைமைகளில் அது சரியாகவே முன்னெழுத்தைக் குறிக்கிறது; சிஸ்டம்டியோ தன் நிகழ்பதிகைக்கு அந்தப் பெயரை வைத்துவிட்டது. மூலத்தில் உள்ள பெயரைப் பார்த்து அப்படியே மாற்றினால் இந்தக் கலப்பும் கூடவே வந்துவிடும். யார் படிக்க எழுதப்பட்டது என்று கேட்டுவிட்டுப் பெயரிடுவதே நல்லது. மனிதர் படிக்க என்றால் பதிகை. சர்வர் தானே திரும்பப் படிக்க என்றால் குறிப்பேடு.

அந்தக் கேள்வியை மற்ற லாக்குகளிடமும் கேட்டுப் பார்க்கலாம். மெதுவாக ஓடிய வினவல்களைக் குறித்துவைக்கும் ‘ஸ்லோ குவெரி லாக்’ பதிகை. மைஎஸ்கியூஎல்லின் ‘பைனரி லாக்’ கொஞ்சம் யோசிக்க வைக்கும். மாற்றங்களைத் துணைச் சர்வர்களுக்கு அனுப்பவும், பழைய காப்பு நகலிலிருந்து குறிப்பிட்ட நேரம் வரை தரவை மீட்கவும் பயன்படுவது அது. படிப்பவை சர்வரும் அதன் கருவிகளும் என்பதால் ‘இருமக் குறிப்பேடு’ என்பதே பொருந்தும். இடம் வேண்டுமென்று அந்தக் கோப்புகளைக் கையால் அழித்தால், அவற்றின் பெயர்களைப் பட்டியலிட்டு வைத்திருக்கும் கோப்பில் பெயர் இருக்கும், கோப்பு இருக்காது. அடுத்த முறை சர்வர் எழவே மறுக்கலாம். பழையவற்றை நீக்க அதற்கென்றே ‘பர்ஜ் பைனரி லாக்ஸ்’ கட்டளை இருக்கிறது. போஸ்ட்கிரஸில் குறிப்பேடு வீங்கினால், துணைச் சர்வர் படித்து முடிக்கும்வரை குறிப்பேட்டை வைத்திருக்கச் சொல்லும் ‘ரெப்ளிகேஷன் ஸ்லாட்’ ஏதும் யாரும் பயன்படுத்தாமல் கிடந்து அதைப் பிடித்துவைத்திருக்கிறதா, காப்பகத்துக்கு அனுப்பும் கட்டளை தோற்றுக்கொண்டே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். டிஸ்க்கில் வேறு எதையாவது நகர்த்தியோ டிஸ்க்கைப் பெரிதாக்கியோ சர்வரை எழுப்பி, அந்தக் காரணத்தைச் சரிசெய்துவிட்டால் தேவையற்ற குறிப்பேட்டுக் கோப்புகளைச் சர்வரே நீக்கிக்கொள்ளும்.