பெட் ரெஸ்ட் முடிந்து எழுந்தால் ஏன் தலை சுற்றுகிறது?

முதுகுவலிக்காக மூன்று வாரம் படுத்தே கிடந்த ஒருவர், எழுந்து கழிவறைக்குப் போகும் வழியில் மயங்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். மருத்துவர் சொன்னது இரண்டு நாள் ஓய்வு. மூன்று வாரம் ஆக்கியது வீட்டாரின் பாசம். இப்படி எத்தனை பேரைத்தான் பார்ப்பது?

வீட்டார் கேட்கும் கேள்வியும் மாறுவதில்லை. "உடம்பில் சத்தே இல்லை டாக்டர், இரண்டு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றலாமா?"

சத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நிற்கும்போது அரை லிட்டருக்கும் மேலான இரத்தம் வயிற்றுக்கும் கால்களுக்கும் இறங்குகிறது. படுத்தால் அது மார்புக்கு ஏறிவிடும். நீர் அதிகமாகிவிட்டது என்று உடம்பு கணக்குப் போட, சிறுநீரகம் உப்பையும் நீரையும் வெளியேற்றுகிறது. ஓரிரு நாளிலேயே இரத்த அளவு குறையத் தொடங்கிவிடும். பிறகு எழுந்து நின்றால், இருக்கும் கொஞ்ச இரத்தமும் கீழே இறங்கிவிட, மூளைக்குப் போதாமல் தலை சுற்றுகிறது.

நம்பாதவர்கள் விண்வெளி ஆய்வாளர்களைப் பாருங்கள். எடையின்மையைப் பூமியிலேயே உண்டாக்க அவர்கள் கையாளும் வழி, தலைப்பக்கம் 6 டிகிரி தாழ்ந்த கட்டில். 2019-இல் ஜெர்மனியின் கொலோன் நகரில் தன்னார்வலர்கள் இப்படி 60 நாள் படுத்தார்கள். சாப்பாடு, குளியல் எல்லாம் படுத்தபடியே. இத்தகைய ஆய்வுகளில் சில நாட்களிலேயே இரத்தத்தின் நீர்ப்பகுதி பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடுகிறது. அவர்கள் நோயாளிகள் அல்லர். அளந்து கொடுத்த நல்ல உணவு சாப்பிட்டவர்கள். அவர்களுக்கு என்ன சத்துக்குறைவு?

குளுக்கோஸ் நீரில் பெரும்பகுதி இரத்தக் குழாயில் தங்குவதே இல்லை. உப்பு நீர் ஏற்றினாலும், ஆள் படுத்தே இருக்கும்வரை சிறுநீரகம் அதையும் வெளியேற்றிவிடும். பாட்டிலுக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு நல்ல ஊன்றுகோல் வாங்கலாம்.

படுத்தபடியே உடற்பயிற்சி செய்தால் போதுமா? பாதி போதும். நாசாவின் ஏம்ஸ் மையத்தில் ஒரு மாதம் நடந்த ஆய்வில், படுத்துக்கொண்டே சைக்கிள் மிதித்தவர்களுக்கு இரத்த நீர் ஏறக்குறைய குறையவே இல்லை. ஆனால் நிமிர்த்திச் சோதித்தபோது அவர்களாலும் முன்போல் தாக்குப்பிடிக்க முடியவில்லை. நிற்கப் பழகுவதற்கு மாற்று இல்லை. 1966-இல் டல்லாஸ் நகரில் ஐந்து இளைஞர்களை மூன்று வாரம் படுக்க வைத்தார்கள். அதில் அவர்கள் இழந்த உடல்திறன், பின்பு முப்பது ஆண்டுகள் வயதானதில் இழந்ததைவிட அதிகம்!

ஆகவே, மருத்துவர் தடுக்காதவரை, மூன்று வேளைச் சாப்பாடும் கால்களைத் தொங்கவிட்டு உட்கார்ந்தே நடக்கட்டும். எழுவதற்கு முன் கணுக்காலை மேலும் கீழும் நன்றாக அசையுங்கள். கட்டில் விளிம்பில் இரண்டு நிமிடம் உட்காருங்கள். கண் இருட்டினால் வீரம் வேண்டாம், உடனே படுத்துவிடுங்கள். முதல் சில நாள் கழிவறைக்குத் தனியாக அனுப்பாதீர்கள். இரத்த அழுத்த மாத்திரை, நீர் போகும் மாத்திரை எடுப்பவர்கள் தலைசுற்றலை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். தரையிறங்கும் முன் விண்வெளி வீரர்கள் உப்பும் நீரும் குடிப்பது உண்மைதான்; அதைப் படித்துவிட்டு இதய நோயாளிக்கும் சிறுநீரக நோயாளிக்கும் உப்புக் கரைசல் கலக்காதீர்கள்.

இன்னொன்றைக் கெஞ்சிக் கேட்கிறேன். படுத்திருப்பவருக்கு ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால், எண்ணெய் தேய்த்து நீவாதீர்கள். உள்ளே இரத்தம் உறைந்திருக்கலாம். என்னிடமும் வரவேண்டாம், நேராக மருத்துவமனைக்குப் போங்கள்.