காலி செய்துவிட்டுப் போனவரிடம் வாடகை பாக்கி வாங்குவது

ஆள் சாமானை ஏற்றிக்கொண்டு மேட்டுப்பாளையம் இறங்கிவிட்டார், ஐந்து மாத வாடகை நிற்கிறது. ஊட்டி, குன்னூர், கோத்தகிரி வீட்டுக்காரர்கள் பலரும் முதலில் ஏறுவது போலீஸ் ஸ்டேஷன் படி. அங்கே "இது சிவில், கோர்ட்டுக்குப் போங்க" என்பார்கள். அது சரிதான், ஆனால் எந்தக் கோர்ட், எந்தத் தேதிக்குள் என்று யாரும் சொல்வதில்லை.

அடுத்து ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) ஆபீஸ். தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடப்பில் இருக்கிறது. அதன்படி வாடகை ஒப்பந்தத்தைப் பதியும் வேலை அங்கே இருக்கும் வாடகை அதிகாரியுடையது. போனவரைத் தேடிப் பிடித்துப் பணம் வாங்கித் தருவது அவர் வேலை இல்லை. மனுவை வாங்கி சீல் குத்தித் தருவார்கள். அந்தச் சீலை நம்பி ஆறு மாதம் காத்திருப்பதுதான் பெரிய நஷ்டம்.

ஏனென்றால் கெடு ஓடிக்கொண்டே இருக்கிறது. வாடகை பாக்கிக்கு 3 வருடம்தான், அதுவும் ஒவ்வொரு மாத வாடகைக்கும் தனித்தனியாக. 2023 ஜூலை 5 அன்று தர வேண்டிய வாடகைக்கு 2026 ஜூலை 5க்குள் வழக்குப் போட வேண்டும். கடைசி மாதத்திலிருந்து மொத்தமாகக் கணக்குப் போட்டால், முன் மாதங்கள் ஒவ்வொன்றாகக் கழன்றுவிடும். "அடுத்த மாசம் தர்றேண்ணா" என்று போனில் சொன்னது கெடுவை நிறுத்தாது. கெடு முடியும் முன் "இவ்வளவு பாக்கி" என்று எழுதி அவர் கையெழுத்துப் போட்டால் புதிதாக 3 வருடம் கிடைக்கும். ஜிபேயில் 2,000 ரூபாய் போட்டார் என்பதை மட்டும் நம்ப வேண்டாம். பழைய பாக்கிக்குத்தான் அது என்று அவர் எழுதிக் கையெழுத்திட்ட தாள் வேண்டும்.

அட்வான்ஸ் உங்கள் கையில் இருந்தால், திருப்பித் தர ஒரு மாதம் அவகாசம் உண்டு. பாக்கியைக் கழித்துக்கொண்டு மீதியைத் தரலாம். கழித்த கணக்கை எழுத்தில் கொடுங்கள். இங்கே கரண்ட் பில்தான் காலை வாரும். மீட்டர் ரீடிங் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை; மலைக் குளிருக்கு கீசரும் ஹீட்டரும் ஓடியிருக்கும். இணைப்பு உங்கள் பெயரில் இருப்பதால் மின்வாரியம் உங்களைத்தான் கேட்கும். சாவி வாங்கும் அன்றே மீட்டரைத் தேதி தெரிய போட்டோ எடுத்து, அந்த யூனிட்டை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். அதற்குப் பிறகு அட்வான்ஸ்.

வழக்குக்கு முன் கோர்ட் வளாகத்தில் உள்ள தாலுகா சட்டப் பணிகள் குழுவில் மனுக் கொடுக்கலாம். கட்டணம் இல்லை. அவர்கள் நடத்தும் லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றம்) சமரசம் ஆனால் அந்த உத்தரவுக்கு டிகிரியின், அதாவது சிவில் கோர்ட் தீர்ப்பாணையின், பலம் உண்டு, அப்பீல் இல்லை. ஆனால் எதிராளி வரவில்லை என்றால் ஃபைலை மூடிவிடுவார்கள். மனு நிலுவையில் இருக்கிறதே என்று 3 வருடக் கெடுவை மறந்துவிடாதீர்கள்.

சிவில் கோர்ட்டில் பணம் கேட்கும் வழக்குக்கு கோர்ட் ஃபீஸ் 3 சதவீதம். 50,000 ரூபாய்க்கு 1,500. வீடு இருக்கும் ஊரிலேயே போடலாம், அவர் இப்போது இருக்கும் ஊருக்கு நீங்கள் அலைய வேண்டாம். ஒப்பந்தத் தாள் சரியாக இல்லாவிட்டாலும், மாதாமாதம் வாடகை வந்த பேங்க் ஸ்டேட்மென்ட்டை எடுத்துச் செல்லுங்கள்.

டிகிரி வாங்கினால் பணம் வந்துவிடாது. டிகிரியை அமல்படுத்தக் கேட்கும் நிறைவேற்று மனு தனி. அதற்கு 12 வருடம் அவகாசம். சம்பளத்தைப் பிடிக்க அவர் எங்கே வேலை செய்கிறார் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். 25,000 சம்பளத்தில் முதல் 1,000 போக, மீதி 24,000இல் மூன்றில் ஒரு பங்கு, அதாவது மாதம் 8,000 வரை பிடிக்கலாம். வீடு கொடுக்கும்போது வாங்கிய ஆதார் நகலில் சொந்த ஊர் விலாசம்தான் இருக்கும். வேலை செய்யும் இடத்தின் பெயரையும் அன்றே எழுதி வாங்காவிட்டால் டிகிரி பீரோவில் கிடக்கும்.

செக் கொடுத்து அது திரும்பியிருந்தால் வழி வேறு, கெடுவும் குறுகல். திரும்பிய தகவல் கிடைத்த 30 நாளுக்குள் நோட்டீஸ், அது அவருக்குக் கிடைத்த பின் 15 நாள் அவகாசம், அதிலும் தராவிட்டால் அடுத்த ஒரு மாதத்துக்குள் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் புகார்.

பாக்கிக்கு ஈடு என்று அவர் கட்டிலையும் ஃபிரிட்ஜையும் பூட்டி வைக்காதீர்கள். அப்புறம் புகார் கொடுப்பவர் அவர், பதில் சொல்பவர் நீங்கள்.