அசையாமல் கிடந்தால் செத்துவிட்டது என்று யார் சொன்னது?

பாம்பன் குந்துகால் கடற்கரைக்குச் சுற்றுலா வந்த ஒரு பள்ளிச் சிறுமி போன வாரம் என்னிடம் டிபன் டப்பாவைத் திறந்து காட்டினாள். உள்ளே ஒரு நட்சத்திர மீன். "ஒரே மணலாக இருந்தது, டீச்சர்தான் குழாயில் கழுவித் தந்தார்கள்" என்றாள். அவள் மீது எனக்குக் கோபம் இல்லை. கூட வந்த பெரியவர்கள் மீது நிறைய இருக்கிறது. கடல் உயிர்களைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருவது என் வேலை. விடுமுறைதோறும் இதையே பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது.

கேட்டால் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "செத்துக் கிடந்தது, அதனால் எடுத்தோம்." எப்படித் தெரியும்? அசையவில்லையாம். நட்சத்திர மீன் துள்ளாது, கத்தாது, பிடித்தால் திமிறாது. பெயரில்தான் மீன், அதற்கு மூளையும் இல்லை, நம்மைப் போல் இரத்தமும் இல்லை. கடல்நீரையே உடலுக்குள் செலுத்தி, அந்த அழுத்தத்தால் நகர்கிறது. கரையோரப் பள்ளத்து நீரில் அதைப் பார்த்தால் பிள்ளைகளோடு ஐந்து நிமிடம் பக்கத்தில் குந்துங்கள். ஒவ்வொரு கையின் அடியிலும் நடுக்கோட்டை ஒட்டி மெல்லிய குழல்கால்கள் வரிசையாக இருக்கின்றன. ஒன்று நீளும், தடவிப் பார்க்கும், ஒட்டிக்கொள்ளும், பிறகு அடுத்தது. எந்தக் குழந்தையும் அதற்குப் பிறகு அதைக் கல் என்று சொல்லாது. குழாய்த் தண்ணீர் அதற்கு விஷம். உப்பில்லாத நீர் உடலுக்குள் ஏறுவதை அதனால் தடுக்க முடியாது.

கடல் அட்டையும் அப்படித்தான், சேற்றில் சும்மா கிடப்பதுபோல் இருக்கும். மணலை விழுங்கி, அதிலுள்ள கழிவைத் தின்று, சுத்தமான மணலை வெளியே விடுகிற வேலைக்காரன் அது. 2001 முதல் அதைப் பிடிக்கத் தடை இருக்கிறது. கடல் குதிரைக்கும் பவளத்துக்கும் சட்டப் பாதுகாப்பு உண்டு. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளையும் சுற்றியுள்ள கடலையும் 1986இல் தேசியப் பூங்காவாக அறிவித்ததே இவற்றுக்காகத்தான். பவளப்பாறை மேல் பிள்ளையை நிறுத்திப் படம் எடுக்கும் அப்பாக்களே, உங்கள் காலடியில் இருப்பதும் உயிர்தான்.

காலிச் சங்கையாவது எடுக்கலாமே என்பார்கள். காலிச் சங்குக்குள் குடியிருக்கும் துறவி நண்டுக்கு வயிற்றுப்பகுதியில் ஓடு கிடையாது. வளர வளரப் பெரிய சங்கு தேடி மாறிக்கொண்டே இருக்கும். நீங்கள் பை நிறைய அள்ளிப்போவது அதன் அடுத்த வீட்டை.

பிள்ளைகளின் நலனுக்காகவும் சொல்கிறேன். கரையில் செத்ததுபோல் ஒதுங்கிக் கிடக்கும் சொறிமீனை (ஜெல்லி மீன்) தொட்டாலும் சுடும். கூம்பு வடிவச் சங்குகளில் சில நச்சு ஊசியால் குத்தும். வெறுங்கையால் எதையும் எடுக்கவே விடாதீர்கள். கல்லைப் புரட்டினால் இருந்தபடியே மெதுவாகத் திருப்பி வையுங்கள், அடியில் ஒரு குடும்பமே இருக்கும். கடல் உள்வாங்கியிருக்கும் காலை நேரத்தில் வாருங்கள். உச்சி வெயிலில் எல்லாம் ஒளிந்துவிடும்.

ஆசிரியர்களே, இதை வகுப்பிலேயே சொல்லிவிட்டு பஸ் ஏற்றுங்கள். தயவுசெய்து. இங்கே வந்த பிறகு ஏதேனும் சந்தேகம் வந்தால் கரையில் வலை பிரிக்கும் அண்ணன்களிடமோ பாசி எடுக்கும் அக்காக்களிடமோ கேளுங்கள். எது குத்தும், எது சுடும், எது எங்கே முட்டையிடும் என்று அவர்களுக்குத் தெரியும். கேட்டால் பிள்ளைகளைக் கூப்பிட்டு அவர்களே காட்டுவார்கள்.