'சேஃப்டி கண்' என்ற பெயரை நம்பாதீர்கள்

கையால் தைத்த இன்னொரு கரடி பொம்மை பழுதுபார்க்க வந்திருக்கிறது. ஒற்றைக் கண்தான் இருக்கிறது. இன்னொன்று எங்கே என்றால், "வீட்டில்தான் எங்காவது கிடக்கும்" என்ற பதில். பொம்மைக்குச் சொந்தக்காரருக்கு வயது ஒன்றரை! கண் கிடைக்கவில்லையா? பொம்மையை ஓரமாக வையுங்கள், குழந்தையைப் பாருங்கள். திடீர் இருமல், ஓயாமல் எச்சில் வடிதல், விழுங்கச் சிரமம் எது தெரிந்தாலும் நேரே மருத்துவமனைதான்.

"சேஃப்டி கண்தானே போட்டேன்?" இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. பள்ளம் பள்ளமாக வெட்டிய தண்டுள்ள பிளாஸ்டிக் கண், உள்பக்கத்தில் அதைக் கவ்வ ஒரு வாஷர், அவ்வளவுதான் சேஃப்டி கண். வாஷர் தண்டை விடாது, சரி. துணி விட்டுவிடுமே! கத்தரிக்கோலால் வெட்டிய ஓட்டை நாளாக நாளாக நூல் பிரிந்து அகலும். குரோஷே (கொக்கி ஊசிப்) பின்னலாக இருந்தால், ஓட்டையே வெட்டாவிட்டாலும் கண்ணும் வாஷருமாக இடைவெளி வழியே வந்துவிடும். பசை வைத்து ஒட்டியிருக்கிறேன் என்பவர்களுக்கு: இரண்டு முறை துவைத்துவிட்டுப் பாருங்கள். கண்ணுக்குப் பதிலாகச் சட்டைப் பட்டனை நூலால் தைத்தது இன்னும் மோசம். மூன்று வயதுக்குட்பட்டவர்களுக்கு ஆகாது என்று பல சேஃப்டி கண் பாக்கெட்டுகளிலேயே பொடி எழுத்தில் போட்டிருக்கிறது. படிப்பவர்தான் இல்லை.

பொம்மைகளுக்கான ஐரோப்பியத் தரம் ஈஎன் 71. அதன்படி, சிறு குழந்தைகளின் பொம்மையில் 6 மி.மீ-க்கு மேற்பட்ட பாகத்தை 90 நியூட்டன் விசையில், ஏறக்குறைய 9 கிலோவைத் தொங்கவிட்டதுபோல, 10 விநாடி இழுத்துச் சோதிக்கிறார்கள். வீட்டில் இரண்டு விரலால் இழுத்துப் பார்ப்பது சோதனை ஆகாது.

சின்னக் குழந்தைக்கென்றால் கண்ணை நூலாலேயே எம்பிராய்டரியாகப் போடுங்கள். பஞ்சு அடைக்கும் முன்பே போடுங்கள், முடிச்சு உள்ளேயே நிற்கும். அந்த இடத்து ஃபர் முடியைக் குட்டையாக வெட்டி, 10 மி.மீ வட்டம் வரைந்து, ஓரத்தைப் பேக் ஸ்டிட்ச் (ஒவ்வொரு தையலுக்கும் ஊசி பின்னால் திரும்பி வரும் தையல்) போட்டு, உள்ளே எம்பிராய்டரி நூலின் ஆறு இழையாலும் நெருக்கமாக சாட்டின் ஸ்டிட்ச் (பக்கம் பக்கமாக இழுத்து நிரப்பும் தையல்). மூக்கும் இப்படியே. கண்ணாடிக் கண் வைத்த மோஹேர் (ஆட்டு ரோமத் துணி) கரடி அழகுதான், யார் இல்லை என்றார்கள்? அது பெரியவர்களின் அலமாரிக்கு.

கழுத்தில் ரிப்பன் வேண்டாம். கனத்துக்குப் பிளாஸ்டிக் மணி போடுவதானால் தனி உள்பையில் இரட்டைத் தையல் போட்டு மூடுங்கள். பேசும் பெட்டி வைக்காதீர்கள், தயவுசெய்து. அதிலுள்ள பட்டன் பேட்டரி உணவுக்குழாயில் சிக்கினால் 2 மணி நேரத்திலேயே அரித்துவிடும்.

கடைசியாக, குண்டூசி. எண்ணி எடுத்து எண்ணி வையுங்கள். 20 எடுத்து 19 திரும்பினால் தையலைப் பிரித்துப் பஞ்சை வெளியே எடுங்கள். ஆமாம், முழுவதையும்.